‘உள்ளே யாரு?’ கேசட்டைப் பெண் வீட்டில் போட்ட கதை

மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பேச வராது. இத்தனை வருடம் மற்றவர்கள் பேசுவதற்கு மைக் வைத்துக் கொடுத்தவன்தான், அதன் முன்னால் நிற்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். படித்தது பள்ளிக்கூடப் படிப்புதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஒயரை எதில் சொருகுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று தப்பாகப் போகப்போகிறது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிறது, சபையில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் என்ன செய்வது? அதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கடையின் முன்பக்கம் கேசட் பதிவு, பின்பக்கம் மைக் செட் வாடகை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நல்ல மனிதர், நல்லது செய்கிறேன் என்று அடுத்தவர் காரியத்தில் கை வைப்பது ஒன்றுதான் அவரிடம் பயம். அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது: செட் சும்மா இருக்கக் கூடாது. விசேஷ வீட்டில் ஒரு நொடி சத்தம் நின்றாலும், செட் படுத்துவிட்டது என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதைவிடக் கேவலம் கிடையாது என்பார். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினால்கூட இவர் கை தானாகக் கேசட் பக்கம் போகும். பதிவு செய்யக் கொடுத்த கேசட்டில் கடைசியில் டேப் மிச்சமிருந்தால், கேட்காமலே ஒரு பக்திப் பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார்.

பாட்டும் போட முடியாத அளவு துண்டாக டேப் மிஞ்சினால் எங்கள் கடை விளம்பரம். அந்த விளம்பரத்தில் பேசியது நான். என்னைப்போல் கூச்சக்காரனை ஏன் பிடித்தார் என்றால், நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினால் குரல் கணீரென்று வருமாம். ரிக்கார்டிங் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசினேன். பிறகு அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பஸ்ஸில் என் குரல் கேட்டால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இனி வரதண்ணன். மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் யாரோ வைத்திருந்த இங்கிலீஷ் கேசட்டுகளைக் கேட்டுக் கெட்டுப்போனவர் என்று அவருடைய அம்மா சொல்வார். அந்தக் குழுக்களின் பாட்டு மூன்று நிமிடத்தில் முடியாதாம். ஒரே பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும், நடுவில் தாளம் மாறும், மழை பெய்யும், யாரோ நடப்பார்கள், கடிகாரம் அடிக்கும், மனிதன் எதற்குப் பிறந்தான் என்று கேட்பார்கள், பதில் சொல்லாமல் கிடார் வாசிப்பார்கள். அதற்குப் பெயர் புரோகிரசிவ் ராக் என்று வரதண்ணன்தான் எனக்குச் சொன்னார். அண்ணாச்சியிடமும் சொன்னார். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, இதில் ஆட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் வரதண்ணன். அழ முடியுமா என்று கேட்டார். அதற்கும் இல்லை, யோசிக்கத்தான் முடியும் என்றார். அப்படியென்றால் வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள் தம்பி என்றார் அண்ணாச்சி.

வரதண்ணன் அதுபோல ஒன்றைத் தமிழில் செய்தார். அதுதான் ‘உள்ளே யாரு?’. அவர் கிடார், கூட ஒரு கீபோர்டு, ஒரு புல்லாங்குழல், மெல்லிசைக் குழு ஒன்றில் டிரம்ஸ் அடிக்கும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைப் பின்னறையில் வைத்துப் பதிவு செய்தோம். டிரம்ஸ்காரர் கல்யாணக் கச்சேரிகளில் பழகியவர். ஏழு ஏழாக எண்ணி அடிக்கச் சொன்னால் எட்டாவது அடி அவர் கையை மீறி விழுந்துவிடும். விழுந்ததும் எங்களைப் பார்த்து, குழந்தை தட்டை உடைத்த மாதிரி நிற்பார்.

கதை இதுதான். ஒருவன் வெகுதூரம் நடந்து தன் வீட்டுக்கு வருகிறான். கதவு சாத்தியிருக்கிறது. தட்டுகிறான்.

என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்,
உள்ளே ஒருவன் விளக்கை அணைத்தான்.

‘உள்ளே யாரு?’ என்று கேட்கிறான். முதல் பக்கத்தின் முக்கால் பாகத்தில் அந்தக் கேள்வி வரும். அதற்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சத்தமும் இல்லை. கேட்கிறவன் தனக்குள்ளே பார்த்துக்கொள்வதற்காக அந்த இடம் என்றார் வரதண்ணன். பிறகு எங்கிருந்தோ புல்லாங்குழல் மட்டும் மெதுவாக எழும்பும்.

வெறும் டேப்பை ஓடவிட்டால் போதுமே என்றேன். கூடாது, நாம் எல்லோரும் நிஜமாகச் சும்மா இருந்து அதைப் பதிய வேண்டும், சும்மா இருக்கிறவர்கள் இருக்கும் அறைக்கும் ஆளில்லாத அறைக்கும் வித்தியாசம் உண்டு என்றார். உட்கார்ந்தோம். முதல் தடவை டிரம்ஸ்காரர் தும்மினார். இரண்டாம் தடவை கீபோர்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, மௌனத்துக்கு மூன்று டேக் ஆனது. அன்று அண்ணாச்சி கோவில் கொடைத் திருவிழாவுக்குச் செட் போடப் போயிருந்தார். இது அவருக்குத் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் முடிந்தது. வரதண்ணனுக்குக் கல்யாணம் முடியவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் இந்தக் கேசட்டைப் பெண் ஒரு பக்கமாவது முழுக்கக் கேட்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை என்று பிடிவாதமாக நின்றார். வரதட்சணை வேண்டாம் என்றார், நகை வேண்டாம் என்றார். பெண் வீட்டுக்காரர்களுக்கு அதுவே சந்தேகம். முதல் வீட்டில் நடைச் சத்தம் வருகிற இடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பிளவக்கல் பக்கம் இரண்டாவது வீடு. பெண்ணின் அண்ணன் நல்லெண்ணத்தில், ரேடியோ ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுந்துபோய் எதையோ திருகி நிறுத்தினார்.

மூன்றாவது ஸ்ரீவில்லிபுத்தூர். இந்தப் பெண்ணை வரதண்ணனுக்கு முன்னாலேயே தெரியும். அந்த ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பால் வாங்க வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும் தெரியாமல் எதையோ யோசித்துக்கொண்டு தூக்குச்சட்டியை நீட்டியபடியே நின்றிருக்கிறார். அங்கே அளந்து ஊற்றும் இடத்தில் வேலை பார்த்த விஜயா, “பால் வேணுமா, இல்ல சட்டிய மட்டும் காட்டிட்டுப் போக வந்தீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து வரதண்ணன் அக்கா வீட்டுக்கு அடிக்கடிப் போனார். ஜாதகம் அதுவாகவே அமைந்தது என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். நான் யாரிடமும் பேச மாட்டேன் என்பதால் எல்லோரும் என்னிடம் உண்மையைச் சொல்வார்கள்.

நிபந்தனையை இந்த ஒரு வீட்டுக்கு விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன்.

“கணேசா, கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா தாங்கிக்கிருவேன். கேக்காமலே சரின்னு சொல்லிட்டா, பொறவு காலம் முழுக்க அந்தப் பிள்ள யார் கூட இருக்கும்?”

அவருடைய அம்மா வேறு, இதுவும் கலைந்தால் இனி உனக்கு நான் பெண் தேட மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

பாட்டில் நடக்கிற சத்தம் இடது பெட்டியிலிருந்து வலது பெட்டிக்குப் போகும். சின்ன டேப் ரிக்கார்டரில் அது கேட்காது. அதனால் எங்கள் ஆம்ப்ளிபயர், கேசட் டெக், இரண்டு பெட்டி ஸ்பீக்கர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதாக ஏற்பாடு. பழைய கேசட் ஓடி ஓடித் தேய்ந்திருந்தது, புதுசாக ஒரு பிரதி போட்டுத் தரும்படி கடையில் கொடுத்தார் வரதண்ணன். நான் சுந்தரபாண்டியத்தில் ஒரு காதுகுத்துக்குச் செட்டோடு போயிருந்தேன். அண்ணாச்சியே பிரதி போட்டு வைத்தார்.

அதோடு நில்லாமல் தானும் வருகிறேன் என்று வேனில் ஏறிக்கொண்டார். பெண் அமைந்தால் கல்யாணம், கல்யாணம் என்றால் செட், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முந்துவதற்குள் நாம் பேசிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. பெண் வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொள்ளட்டுமா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். வரதண்ணன் அம்மா பதிலுக்குக் கந்த சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விஜயாவின் அப்பா விவசாயி. அதிகம் பேசாதவர், பேசினால் நிலத்தைப் பற்றி அல்லது தண்ணீரைப் பற்றி. அவருக்கும் சேர்த்துப் பேச விஜயாவின் சித்தப்பா இருந்தார். நாங்கள் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“பொண்ணு பாக்க வாறீகளா, பொருட்காட்சி போட வாறீகளா?”

கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் சமையல்கட்டு வாசல் பக்கம். விஜயா வந்து நமஸ்காரம் செய்துவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகப் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள், இங்கே மாப்பிள்ளை பாட்டு போடுகிறார் என்று சித்தப்பா எல்லோருக்கும் விளக்கினார். நான் மூலையில் டெக் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

நடைச் சத்தம் தொடங்கியது. இடது பெட்டியிலிருந்து வலது பெட்டிக்கு. சித்தப்பா திரும்பி வாசலைப் பார்த்தார். “ஏலே, யாரோ செருப்போட உள்ள வாரான்” என்றார். விஜயா தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டிரம்ஸ் வந்தது, ஏழு ஏழாக. பாட்டு தொடங்கியது. வரதண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். முந்தைய இரண்டு வீடுகளையும் தாண்டிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அப்போது அண்ணாச்சி நகர்ந்து வந்து என் காதோரம் குனிந்தார்.

“ஏலே கணேசா, இந்தக் கேசட்டுல நடுவுல கொஞ்சம் காலியாக் கெடந்துச்சு. யாரோ தெரியாம அழிச்சிருக்கான். பாவம், நல்ல காரியத்துக்குப் போற கேசட்டுன்னு நம்ம வெளம்பரத்தப் போட்டு நெரப்பிட்டேன். ரெண்டு தடவ வருது.”

முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

‘உள்ளே யாரு?’ என்று மாப்பிள்ளை கேட்பார். அதற்கு என் குரல் பதில் சொல்லப்போகிறது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கேள்வி வர இன்னும் சில நிமிடம்தான் இருக்கிறது. நான் என்னென்ன நினைத்தேன் என்றால், டெக்கை நிறுத்திவிடலாம். ஆனால் இது நிறுத்தப்பட்ட மூன்றாவது வீடாகிவிடும், வரதண்ணன் அம்மாவின் முகத்தை யார் பார்ப்பது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் வரதண்ணனிடம் சொல்லலாம். அவர் கூடத்தின் அந்தக் கோடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், ஜமுக்காளத்தை மிதித்துக்கொண்டு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நடந்துபோய் அவரை உலுக்க வேண்டும். அதற்கு நான் செத்துப்போகலாம்.

பதற்றத்தில் நமக்குப் பெரிய யோசனைகளாகத்தான் வரும். எதையாவது பிடுங்கத் தோன்றும், ஓடத் தோன்றும். அந்த நேரத்தில், சபைக்குத் தெரியாமல் செய்யக்கூடிய மிகச் சின்ன காரியம் எது என்று தேடுங்கள். எனக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கண்ணில் பட்டது. கேள்வி முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். விளம்பரம் டேப்பில் அது பாட்டுக்கு ஓடட்டும், வெளியில் கேட்காது. புல்லாங்குழல் வந்ததும் ஏற்றிவிட வேண்டும். வரதண்ணனின் மௌனம் அவருக்குக் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டால் புல்லாங்குழல் எப்போது வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த டெக்கில் சத்தத்துக்கு ஏற்ப ஆடும் முள் எப்போதோ ஆடாமல் போயிருந்தது. அதனால் எறும்பு பேசுகிற அளவுக்கு மட்டும் சத்தம் வைத்து, பெட்டியில் காதை ஒட்டவைத்துத்தான் கேட்க வேண்டும். அத்தனை பேர் முன்னால்.

கதவு தட்டும் சத்தம் வந்தது. ‘உள்ளே யாரு?’ நான் திருகைத் திருப்பிவிட்டு, வலது பெட்டியைக் கட்டிப்பிடித்துக் காதை வைத்தேன்.

உள்ளே என் குரல். மங்களகரமான திருமணமா, புதுமனை புகுவிழாவா, கோவில் கொடையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியில் ஒரு சத்தமும் இல்லை.

“முடிஞ்சிருச்சா? செட்டு படுத்துருச்சா?” என்றார் சித்தப்பா. அண்ணாச்சி பதறிப்போய் என் பக்கம் வந்தார், சும்மா இருக்கிற செட்டை அவரால் பார்க்க முடியாது. நான் வாழ்க்கையில் முதல்முறையாக அவரை முறைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரதண்ணன் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தி, இன்னும் இருக்கிறது என்று காட்டினார்.

பெண் பார்க்கிற வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்த விஜயாவின் அப்பா மூடிக்கொண்டார். சமையல்கட்டில் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பஸ் பின்னால் எடுக்கிற சத்தம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, காது சிவந்து, வேர்த்து வழிகிறவனை.

என் குரல் இரண்டாம் தடவை ‘சமையல் பாத்திரம்’ என்ற இடம் வரை வந்து நின்றது. புல்லாங்குழல் எழும்பியது. கிணற்றில் நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி மெல்ல மெல்லச் சத்தத்தை ஏற்றினேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல் பக்கம் முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது.

வரதண்ணன் கண்ணைத் திறந்தார். கண் ஈரமாக இருந்தது. விஜயாவின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாக இருக்கிறது தம்பி, நடுவில் கொஞ்ச நேரம் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றார். வரதண்ணனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு அப்புறமும் கிடைத்திருக்காது. எனக்கும் பெருமைதான். அதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார் விஜயா.

வரதண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படியொரு கேள்விக்காகத்தானே அவர் அத்தனை மாதம் உழைத்தார்.

“சத்தமே இல்லாம இருந்துச்சுல்லா, அப்ப அந்த அண்ணன் பெட்டில காத வச்சு எதையோ கேட்டுக்கிட்டு இருந்தாவ. என்ன ஓடுச்சு அதுல?”

வரதண்ணன் என்னைப் பார்க்காமலே, அங்கே ஒன்றும் கிடையாது, அவரவருக்கு உள்ளே என்ன கேட்கிறதோ அதுதான் என்று அழகாக விளக்கினார். விஜயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரி. அவியளுக்கு என்ன கேட்டுச்சு?”

மொத்த வீடும் என் பக்கம் திரும்பியது.

பொய் ஒன்று தயாராக இருந்தது. மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன் என்றால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை என்பது ஒரு பக்கம், கூச்சக்காரனுக்குப் பொய்யும் வராது. ஆனால் அந்த வினாடியில் இன்னொன்றும் நினைத்தேன். வரதண்ணன் இந்தக் கேசட்டைப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டுப் போவார், இது இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது. நாங்கள் போனதும் இந்தப் பெண் தனியாகப் போட்டுக் கேட்பார், கேட்கிற ஆள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்போது விளம்பரம் வரும். நான் மறைத்ததும் தெரிந்துவிடும், வரதண்ணனும் சேர்ந்து மறைத்தார் என்று நினைப்பார். சபையில் ஒரு காரியத்தை மறைக்கலாம், சபை நடக்கிற நேரத்துக்காக. யாராவது நேரில் கேட்டுவிட்டால் அப்புறம் மறைக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

ஆனால் அதை நான் சபைக்குச் சொல்ல முடியாது. அது என் பாட்டு இல்லை. பாட்டுக்காரரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சற்று முன் எதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தேனோ அதைச் செய்தேன். எழுந்து, ஜமுக்காளத்தை மிதித்து, நடுக்கூடத்தைக் கடந்து வரதண்ணன் காதில் சொன்னேன். அண்ணாச்சி காலியிடத்தில் நம் விளம்பரத்தைப் போட்டுவிட்டார், நான்தான் சத்தத்தைக் குறைத்தேன், அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி விஷயம் புரியாமல் சிரித்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியாக விஜயாவைப் பார்த்தார். மூன்று டேக் எடுத்த மௌனம். எனக்கு அவரிடமிருந்து அடி விழுந்திருந்தாலும் சரி என்றுதான் நின்றேன்.

“போடு, கணேசா” என்றார். “கேட்டுட்டாங்கள்ல. சத்தமாவே போடு.”

பின்னால் ஓட்டி, திருகைப் பழைய இடத்தில் வைத்துப் போட்டேன். கதவு தட்டுகிற சத்தம். தட்டுகிறவனின் மூச்சு. வரதண்ணனின் குரல், உலகத்துத் துக்கத்தையெல்லாம் சேர்த்து: ‘உள்ளே யாரு?’

“மங்களகரமான திருமணமா? மஞ்சள் நீராட்டு விழாவா?” என்றது என் குரல், கூடம் அதிர. “குழாய் ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர், சீரியல் லைட், டியூப் லைட்…”

ஒரு வினாடி யாருக்கும் புரியவில்லை. முதலில் சித்தப்பாதான் வெடித்தார். “உள்ள மைக் செட்டுக்காரன்லா இருந்திருக்கான்” என்று சொல்லித் தொடையில் அடித்துக்கொண்டார். சமையல்கட்டில் பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விஜயாவின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி மட்டும், விளம்பரம் தெளிவாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

விஜயா சிரித்தார், ஆனால் பெட்டியைப் பார்த்து இல்லை. வரதண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தத்துவம் எழுதியவர் முகம் கல்லாக இருந்தது. குழாய் ஸ்பீக்கருக்குத் தாக்குப்பிடித்தார், வாடகை நாற்காலிக்குத் தாக்குப்பிடித்தார். “இரவு பகல் எந்நேரமும் நாடுங்கள்” என்று என் குரல் சொன்னபோது உதடு ஒரு பக்கம் இழுத்தது. நான் முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து “மங்களகரமான திருமணமா?” என்று ஆரம்பித்தேன் பாருங்கள், அவ்வளவுதான். மனிதர் உடைந்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, முன்னால் கவிழ்ந்து, ஜமுக்காளத்தைக் கையால் அடித்தார். கோயம்புத்தூரிலிருந்து கிடாரோடு வந்த நாளிலிருந்து என் பிள்ளை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று அவருடைய அம்மா பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

எல்லோரும் ஓய்ந்ததும் வரதண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும், ஒரு பக்கம் கேட்டதே பெரிது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று விஜயாவின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நான் ஒயரைச் சுருட்டக் கை நீட்டினேன்.

“இருங்கண்ணே” என்றார் விஜயா.

எழுந்து வந்தார். பெண் பார்க்கிற சபையில் பெண் தானாக எழுந்து நடந்து வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. டெக்கைத் திறந்து கேசட்டை எடுத்தார், முன்னும் பின்னும் பார்த்தார், மறுபக்கம் திருப்பிப் போட்டு மூடினார்.

“இன்னொரு பக்கம் இருக்குல்லா. அவனுக்குக் கதவத் தொறந்தாங்களா இல்லையான்னு தெரிய வேண்டாமா?” என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினார். போய்ப் பழைய இடத்தில் உட்காரவில்லை. டெக் பக்கத்திலேயே, வரதண்ணனுக்கு எதிரில், சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வரதண்ணனின் அம்மா பையைத் திறந்து பூப்பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

மழைச் சத்தத்தோடு இரண்டாம் பக்கம் தொடங்கியது. அதிலும் நடுவில் கொஞ்சம் காலியிடம் உண்டு, பதிவு செய்தவன் நான், எனக்குத் தெரியும். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் நம் விளம்பரம்தான் என்று அதிலேயே புரிந்துவிட்டது. கை தானாகத் திருகு பக்கம் போனது. விஜயா என் கையைப் பார்த்தார். பிறகு வரதண்ணனைப் பார்த்தார், அவருக்கும் புரிந்திருந்தது, அவர் முகத்தில் அதற்குள் சிரிப்பு ஆரம்பித்திருந்தது.

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.